மாதம் ஒரு படம்: புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன் வீட்டு ஹாலில், மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பழைய படமோ வெளிநாட்டுப் படமோ போட்டுப் பார்க்கிறோம். பத்துப் பதினைந்து பேர் வருவோம். எல்லாரும் பெங்களூருத் தமிழர்கள். சிலர் மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள், சிலர் போன வருஷம் பெட்டியோடு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவர்கள். புதிதாக வருகிற எல்லாரும் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பஜ்ஜி ஆறிப்போகும்வரை நின்று பதில் சொல்லி அலுத்துப் போய், கடைசியில் எழுதியே வைத்துவிட்டேன்.

எனக்கு உலக சினிமா பற்றி ஒன்றும் தெரியாது. வரலாமா?

வரலாம். நிறையத் தெரிந்தவர்களால்தான் எங்களுக்குத் தொல்லை. 'உலக சினிமா' என்ற சொல்லே வேடிக்கையானது. தமிழ்ப் படம் மட்டும் ஏதோ செவ்வாய் கிரகத்தில் எடுக்கப்படுவது போல.

முதலில் எதைப் பார்ப்பது? ஒரு டாப் 10 கொடுங்களேன்.

கொடுக்க மாட்டோம். மருந்துக்கடைக்குப் போய் "நல்ல மாத்திரையாக ஒரு பத்து கொடுங்கள்" என்று யாராவது கேட்பார்களா? முதலில் உங்களுக்கு என்ன என்று தெரிய வேண்டும். அதனால் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: யாரும் சொல்லாமல், நீங்களாகவே இரண்டாவது தடவை பார்த்த தமிழ்ப் படம் எது?

கோர்ட் சீன் உள்ள படமாகச் சொன்னால் சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957). 96 நிமிடம்தான். கோர்ட்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், ஒரே அறை, வெயில் புழுக்கம், ஒரு பையனின் உயிர். அந்த அறையை விட்டுப் படம் வெளியே வருவதே அபூர்வம். நல்ல பட்டிமன்றத்துக்குக் காது கொடுத்தவர்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும். த்ரில்லர் என்றால் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954). கால் உடைந்து வீட்டில் கிடக்கிற போட்டோகிராபர் எதிர் பில்டிங் ஜன்னல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்கிறார். அபார்ட்மென்ட் பால்கனியில் காபியோடு நிற்கிற நம்மில் யார் அதைச் செய்யவில்லை?

ஒரு பையன் 'பொல்லாதவன்' என்று சொன்னான். காணாமல் போன பைக், தேடி அலையும் பையன். அவனுக்கு டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) சொன்னோம். இரண்டும் வேறு வேறு ஜாதிப் படங்கள். ஆனால் வண்டி போனால் பிழைப்பே போச்சு என்ற பதைப்பு ஒன்றுதான். போர் முடிந்த ரோம் நகரம். போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது, சைக்கிள் இருந்தால்தான் வேலை, சைக்கிளோ அடகில். மனைவி ஒன்றும் பேசாமல் கட்டிலில் விரித்திருந்த படுக்கை விரிப்புகளை உருவி மூட்டை கட்டுகிறாள். அடகுக் கடைக்காரன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கு மேல் ஏறுகிறான். ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரை வரைக்கும் அடுத்தவர்கள் வீட்டு விரிப்புகள். ஊரே எந்த நிலைமையில் இருக்கிறது என்பதற்கு வசனம் ஒரு வரி கிடையாது. அப்பாவாக நடித்தவர் நிஜத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. சத்யஜித் ராய் 1950-இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தானும் இப்படி எடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

அந்தப் பையன் இப்போது எங்களுக்குப் படம் சொல்லித் தருகிறான்.

பழைய படங்கள் எல்லாம் ரொம்ப மெதுவாக இருக்கின்றனவே. எனக்கு மட்டும்தான் தூக்கம் வருகிறதா?

எனக்கும் வந்தது. யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை (1953) முதல் தடவை போனில், மெட்ரோவில் நின்றுகொண்டே பார்க்க முயன்றேன். இந்திராநகர் வருவதற்குள் மூடி வைத்தாயிற்று. இரண்டாம் தடவை இந்த ஹாலில், விளக்கை அணைத்து, போனை எல்லாம் சமையலறைக் கூடையில் போட்டுவிட்டுப் பார்த்தேன்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். ஊரில் இருக்கும் வயதான அப்பா அம்மா, பெருநகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வருகிறார்கள். மூத்தவன் டாக்டர், பெண் அழகு நிலையம் நடத்துகிறாள், யாருக்கும் நேரமில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் விஷயமே. யார் இவர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டால், ஊரில் தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறாள் பெண். அவள் புருஷன் பெரியவர்களுக்காகக் கேக் வாங்கி வருகிறான். இவ்வளவு விலையில் எதற்கு, அவர்களுக்குப் பிஸ்கெட் மாதிரி எதாவது போதுமே என்கிறாள். எங்கள் ஹாலில் எல்லாரும் சிரித்தோம். ஒயிட்பீல்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி மட்டும், "போன தடவை சேலத்துக்கு வாங்கிப் போன மைசூர்பாக் எந்தக் கடையுது என்று யாரும் கேட்காதீர்கள்" என்றான்.

சரி, மெதுவுக்கு வருகிறேன். ஓசு கேமராவை அசைப்பதே அபூர்வம். தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளின் கண் உயரத்துக்கும் கொஞ்சம் கீழே வைத்துவிடுவார். ஆள் அறையை விட்டுப் போன பிறகும் காலி அறை சில நொடிகள் அப்படியே நிற்கும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஊரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போன மறுநாள் காலை, மடித்து வைத்த பாயோடு நம் வீட்டு ஹால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் அந்தச் சில நொடிகள் போதவில்லை என்று தோன்றும். இன்னொரு விஷயம்: எழுபது வயது அப்பாவாக வரும் சிஷு ர்யூவுக்கு அப்போது 49 வயது. படம் முடிந்த பிறகு இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதையும் மீறித் தூக்கம் வந்தால் தூங்குங்கள். குறட்டை மட்டும் வேண்டாம்.

சப்டைட்டில் படித்துக்கொண்டே எப்படிப் படத்தைப் பார்ப்பது?

முதல் இருபது நிமிடம் கஷ்டம். அப்புறம் படிக்கிறோம் என்பதே மறந்துவிடும். பெங்களூரில் பஸ் போர்டைக் கன்னடத்தில் பார்த்து, மனசுக்குள் தமிழில் சொல்லி, கண்டக்டரிடம் இந்தியில் கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. ஆரம்பத்தில் திரைக்குப் பதில் அண்ணனின் எட்டு முழ வேட்டியைச் சுவரில் கட்டிப் படம் போட்டோம். சப்டைட்டில் சரியாகப் பச்சைக் கரையில் போய் விழுந்தது. வெள்ளை எழுத்து, பச்சைக் கரை, ஜரிகை வேறு. ஜப்பான் இயக்குநர் குரோசவாவின் பாதிப் படத்தை ஊகத்திலேயே பார்த்தோம். அடுத்த மாதம் அண்ணி கரையே இல்லாத வெள்ளை பெட்ஷீட் ஒன்றை எடுத்து வைத்தார். இப்போதும் அதுதான் திரை.

அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஆங்கிலம் வராது. என்ன காட்டலாம்?

வசனமே தேவையில்லாத படம் காட்டுங்கள். சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) எங்கள் கூட்டத்தில் தோற்றதே இல்லை. பேசும் படங்கள் வந்து ஊரே அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், பிடிவாதமாகப் பேசாமல் எடுத்தது. குத்துச்சண்டைக் காட்சியில் அண்ணியின் அம்மா, எண்பதைத் தொட்டவர், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கனேட்டோ ஷிண்டோவின் 'நேக்கட் ஐலண்ட்' (1960) இன்னொன்று. தண்ணீரே இல்லாத குட்டித் தீவில் ஒரு குடும்பம், படகில் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மேட்டில் ஏறிச் செடிக்கு ஊற்றுகிறது. கிட்டத்தட்ட அவ்வளவுதான் படம், பேச்சு அநேகமாக இல்லை. தர்மபுரி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், காவடியில் தண்ணீர் சுமந்து போகிறவளின் நடையைப் பார்த்துவிட்டு, "வெயிட்டு நிஜமா இருக்கு, நடிப்பில்லை" என்றார்.

இல்லாவிட்டால் நம்முடைய 'பேசும் படம்' (1987) இருக்கவே இருக்கிறது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கியது, முழுக்க வசனம் இல்லாதது. அதில் கமல் தங்குகிற பெரிய ஹோட்டல் வேறெங்கும் இல்லை, நம்ம ஊர் வின்ட்சர் மேனர்தான். பார்த்து முடித்துவிட்டு அப்பாவை ஆட்டோவில் அந்த வழியாகக் கூட்டிப்போங்கள்.

இந்தத் தமிழ்ப் படம் அந்த வெளிநாட்டுப் படத்தின் காப்பிதானே?

இந்தக் கேள்வியைப் படம் ஓடும்போது கேட்கத் தடை. முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

என் கருத்தைச் சொல்கிறேன். குரோசவாவின் 'ராஷோமோன்' 1950-இல் வந்து, அடுத்த வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. ஒரு கொலை, நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். செத்தவனே ஆவியாக வந்து ஒரு கதை சொல்கிறான். 1954-இல் வீணை எஸ். பாலசந்தர் ஏவி.எம்.முக்காக 'அந்த நாள்' எடுத்தார். 'ராஷோமோன்' தந்த உந்துதல் அதில் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபர் நாளில் கதையை வைத்தார். படம் தொடங்கியதுமே சிவாஜியைச் சுட்டுச் சாகடித்தார். ஒரு பாட்டு இல்லை, ஒரு டான்ஸ் இல்லை, அதுவும் 1954-இல்! ஜப்பான் படத்தில் உண்மை கடைசி வரை பிடிபடாது. இங்கே சி.ஐ.டி. ஜாவர் சீதாராமன் கண்டுபிடித்தே தீருவார். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே நாங்கள் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பாருங்கள். 'ராஷோமோன்' ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

பேரைச் சொல்லி உரிமை வாங்கி எடுப்பதும் உண்டு. மஜித் மஜிதியின் ஈரான் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) தமிழில் 'அக்கா குருவி'யாக 2022-இல் அப்படித்தான் வந்தது.

நானும் படம் சொல்லலாமா? அதற்கு என்ன விதி?

சொல்லலாம், சொல்ல வேண்டும். நீங்களே முழுசாகப் பார்த்த படமாக இருக்க வேண்டும். "மாஸ்டர்பீஸ்" என்ற வார்த்தை கூடாது, சொன்னால் அடுத்த மாதப் பஜ்ஜி மாவு உங்கள் செலவு. யாருக்குச் சொல்கிறீர்கள் என்று பேர் சொல்லிச் சொல்லுங்கள்: "அக்கா, உங்களுக்கு இது பிடிக்கும், ஏனென்றால்..." அந்த 'ஏனென்றால்' வரவில்லை என்றால் அந்தப் படத்தை அவருக்குச் சொல்லாதீர்கள். பொறுமை வேண்டிய படம் என்றால் அதையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஒரு தடவை ஒருவர் "சூப்பர் ஆக்‌ஷன்" என்று சொல்லித் தார்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) படத்தைப் போட்டார். மூன்று பேர் ஒரு மர்மமான இடத்துக்குள் மெல்ல நடந்து போவார்கள். போய்க்கொண்டே இருப்பார்கள். அபாரமான படம்தான், ஆனால் அன்றைக்கு வந்த புது ஆட்கள் நாலு பேர் மறுபடி இந்தத் தெருப் பக்கமே வரவில்லை. சொன்னவர் வேறு யாரும் இல்லை, நான்தான்.

திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே, சரிசெய்யக் கூடாதா?

கையை எடுங்கள். பழைய படங்கள் அநேகமாகச் சதுரத்துக்குப் பக்கமான அளவில் எடுக்கப்பட்டவை. டிவி முழுக்க நிரப்ப இழுத்தால் இங்க்ரிட் பெர்க்மனுக்கும் பூசணிக்காய் முகம்தான். டிவி செட்டிங்கில் 'ஒரிஜினல்' என்று ஏதாவது இருக்கும், அதில் விட்டுவிடுங்கள்.

இதோடு சேர்ந்தது, எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பது. பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) வெளியான சில மாதங்களிலேயே வெட்டப்பட்டு, வெட்டிய பகுதி தொலைந்தே போனது. 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் ஒரு பிரதி கிடைத்து, காணாமல் போன சுமார் 25 நிமிடம் திரும்ப வந்தது. 2010-இல் வந்த அந்தப் பதிப்பைத் தேடுங்கள், பழைய குறைப் பிரதியைப் பார்த்துவிட்டுக் கதை புரியவில்லை என்று வராதீர்கள். நமக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931), பார்க்க ஒரு பிரதி இல்லை.

எங்கே கிடைக்கும்? டெலிகிராமில் தேடலாமா?

வேண்டாம், அவ்வளவு சிரமமே தேவையில்லை. ரஷ்யாவின் மோஸ்பிலிம் ஸ்டுடியோ தன் படங்களைத் தானே யூடியூபில் ஆங்கில சப்டைட்டிலோடு போட்டிருக்கிறது. 'பாலட் ஆஃப் எ சோல்ஜர்' (1959) படத்தில் தொடங்குங்கள். பத்தொன்பது வயதுச் சிப்பாய்க்கு அம்மாவைப் பார்க்க, வீட்டுக் கூரையைச் சரிசெய்ய, லீவு கிடைக்கிறது. ரயில் ரயிலாக மாறிப் போகிறான். வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் உதவி உதவியே லீவு கரைகிறது. கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் அதே மாதிரி யூடியூபில் நிறைய வைத்திருக்கிறது. கிம் கி-யங்கின் 'த ஹவுஸ்மெய்ட்' (1960) பாருங்கள். 'பாரசைட்' (2019) எடுத்த போங் ஜூன்-ஹோ தனக்கு முன்னோடி என்று சொல்லும் படம். மாடிப்படியை இரண்டு பேரும் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தாலே போதும்.

பெரிய திரையில் பார்க்க பெங்களூரில் வழி உண்டா?

உண்டு. அல்சூரில் லிடோ, பிரிகேட் ரோட்டில் ரெக்ஸ் என்று இங்கிலீஷ் படத்துக்கு வரிசையில் நின்ற காலம் போய்விட்டது. லிடோ இருந்த இடத்தில் மால், ரெக்ஸ் 2018 கடைசியோடு மூடியாயிற்று. ஆனால் 1971-இல் தொடங்கிய சுசித்ரா பிலிம் சொசைட்டி பனசங்கரியில் இருக்கிறது. இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனிலும் வசந்த் நகர் அலியான்ஸ் பிரான்சேஸிலும் அவ்வப்போது ஜெர்மன், பிரெஞ்சுப் படங்கள் போடுகிறார்கள். 2006-இல் தொடங்கிய பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் பாஸ் எடுத்தால் ஒரு வாரம் ஆபீஸுக்கு லீவு போடத் தயாராக இருங்கள். நல்ல படத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வரிசை நிற்கும். அந்த வரிசையில் பின்னால் நிற்கிறவர் சொல்கிற படத்தைத் தவற விடாதீர்கள். எனக்குக் கிடைத்த நல்ல சிபாரிசுகளில் பாதி அங்கே கிடைத்ததுதான்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

எந்தப் படம் என்று கேட்டுவிட்டுக் கூட்டி வாருங்கள். கார்ட்டூன் என்று நினைத்து ஒருவர் ஏழு வயது மகளோடு 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' (1988) பார்க்க வந்துவிட்டார். போரில் அநாதையாகும் அண்ணன் தங்கை கதை அது. குழந்தை பாதியில் அண்ணியிடம் தோசை சாப்பிடப் போய்விட்டது. அப்பாதான் தேம்பித் தேம்பி அழுதார். குழந்தைகளுக்கு 'த ரெட் பலூன்' (1956) போதும். பாரிஸ் தெருவில் ஒரு பையன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி வருகிற சிவப்புப் பலூன், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

கன்னடப் படங்கள் பார்ப்பீர்களா?

இதை ஒரு கன்னடக்கார நண்பர் கேட்டபோது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஜப்பான் தெரியும், ஈரான் தெரியும், மண்டியா தெரியாது. அன்றிலிருந்து வருஷத்துக்கு மூன்று கன்னடப் படம் கட்டாயம். கிரீஷ் கர்னாட் நடித்த 'சம்ஸ்காரா' (1970), அப்புறம் கிரீஷ் காசரவள்ளியின் 'கடஷ்ராத்தா' (1977). பின்னது புதுப்பிக்கப்பட்டு 2024-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. இரண்டும் கனம். சிரித்துக்கொண்டே பார்க்க 'திதி' (2015). நூற்றொரு வயதுத் தாத்தா செத்துப்போகிறார், பதினோராம் நாள் காரியத்துக்குள் மூன்று தலைமுறையும் தாறுமாறு. நடித்தவர்கள் எல்லாம் மண்டியா பக்கத்து ஊர்க்காரர்கள். சப்டைட்டிலைப் பாதியில் நிறுத்திப் பார்த்தோம், முக்கால்வாசி புரிந்தது.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு தலையணை. அடுத்த மாதம் 'செவன் சாமுராய்' (1954), மூன்றரை மணி நேரத்துக்கு மூன்று நிமிடம்தான் குறைவு. குரோசவாவே படத்துக்குள் இடைவேளை வைத்திருக்கிறார், அப்போது மசால்வடை வரும். சரியாக ஐந்து மணிக்குத் தொடங்கிவிடுவோம். டின் ஃபேக்டரி ஜங்ஷன் டிராபிக் என்று யாரும் காரணம் சொல்லக் கூடாது, மெட்ரோவில் அல்சூரில் இறங்கி நடந்து வாருங்கள். செருப்பை வெளியே விடும்போது அடையாளம் பார்த்து விடுங்கள். போன தடவை என் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.